திரும்பி வராத ட்ரோன்: ஒருவழித் தாக்குதல் ட்ரோன்கள் குறித்து ஓர் எளிய விளக்கம்

செய்திகளில் ‘ட்ரோன் தாக்குதல்’ என்ற சொல் நாள்தோறும் அடிபடுகிறது. பல மணி நேரம் பறந்து, ஏவுகணை வீசிவிட்டுத் தளத்துக்குத் திரும்பும் பெரிய ஆளில்லா விமானத்துக்கும் ‘ட்ரோன்’ என்றுதான் பெயர். ஒருவர் முதுகுப்பையில் வைத்துத் தூக்கிச் செல்லக்கூடிய, நான்கு விசிறி கொண்ட சிறு கருவிக்கும் அதுதான் பெயர். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டிப் போய் ஒரு மின்நிலையத்தின் மேல் மோதி வெடிக்கும் முக்கோண வடிவப் பொறிக்கும் அதுதான் பெயர். இவை எல்லாவற்றையும் ஒன்றாகக் குழப்பிப் பேசுவதால், ‘இனி டாங்கிகளுக்கு வேலையே இல்லை’, ‘ட்ரோன்கள் தாமாகவே யோசித்துக் கொல்கின்றன’, ‘இவ்வளவு மலிவான பொருளைத் தடுக்க முடியாதா’ என்று பாதி உண்மைகள் பரவுகின்றன. போய் மோதுவதற்காகவே செய்யப்பட்ட, திரும்பி வரவே வராத வகையை மட்டும் இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

## பெயரில் தொடங்கும் குழப்பம்

தமிழ்ச் செய்திகளில் இதைத் ‘தற்கொலை ட்ரோன்’ என்றோ ‘காமிகேஸி ட்ரோன்’ என்றோ எழுதுகிறார்கள். காமிகேஸி என்பது இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில் தம் விமானங்களோடு எதிரிக் கப்பல்கள் மீது மோதி இறந்த ஜப்பானிய விமானிகளைக் குறித்த சொல். அங்கே விமானத்துக்குள் ஒரு மனிதர் இருந்தார். இங்கே யாரும் இல்லை. அனுப்பியவர் பாதுகாப்பான தொலைவில் உட்கார்ந்திருக்கிறார். ஆகவே இதைத் தற்கொலை என்பது தவறு மட்டுமன்று, அனுப்பியவரின் பொறுப்பை எந்திரத்தின் தலையில் கட்டிவிடும் பேச்சும் ஆகும் என்பது என் கருத்து. ‘ஒருவழித் தாக்குதல் ட்ரோன்’ என்ற பெயரில் கவர்ச்சி இல்லை. ஆனால் நடப்பதை அது உள்ளபடி சொல்கிறது.

அதன் பொருள் இதுதான்: வெடிமருந்தைத் தன் உடலுக்குள்ளேயே சுமந்து சென்று, இலக்கில் மோதி வெடிப்பதற்காகவே செய்யப்பட்ட, ஆளில்லாத பறக்கும் பொறி. அந்த வெடிமருந்துப் பகுதிக்கு வெடிமுனை என்று பெயர்.

அப்படியானால் ஏவுகணைக்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்ற கேள்வி நியாயமானது. இறக்கையும் எஞ்சினும் கொண்டு, விமானம்போலத் தாழப் பறந்து செல்லும் க்ரூஸ் ஏவுகணையும் ஒருவழிப் பயணம்தான் போகிறது. உண்மையில் இரண்டுக்கும் இடையே கோடு கிழித்தாற்போல எல்லை எதுவும் இல்லை. பந்தய மோட்டார் சைக்கிளுக்கும் மொபெட்டுக்கும் உள்ள வேறுபாடு போன்றது இது. க்ரூஸ் ஏவுகணை பெரும்பாலும் ஜெட் எஞ்சினில் மணிக்கு 800 கிலோமீட்டர் அளவில் பறக்கும். அமெரிக்காவின் டோமஹாக்கில் வெடிமுனை மட்டுமே சுமார் 450 கிலோ. ஒருவழி ட்ரோன் அந்த வேகத்தையும் கனத்தையும் விட்டுக்கொடுத்து, அதற்கு ஈடாக மலிவையும் எண்ணிக்கையையும் பெற்றுக்கொண்டது. இந்தப் பண்டமாற்றைப் புரிந்துகொண்டால் மற்றவை எல்லாம் தாமே விளங்கும்.

## அம்பு, பருந்து, கயிற்றில் கட்டிய கல்

ஒருவழி ட்ரோன்களுக்குள்ளும் மூன்று இயல்புகள் உண்டு.

முதலாவது அம்பு. எய்வதற்கு முன்பே இலக்கு எங்கே என்று முடிவாகிவிடுகிறது. எய்த பிறகு அது தன் வழியில் போகிறது. ஈரானில் உருவான ஷாஹெத்-136 இந்த வகை. அசையாத இலக்குகளான கட்டடம், எண்ணெய்க் கிடங்கு, மின்நிலையம் ஆகியவற்றுக்கே இது முதன்மையாகப் பொருந்தும்.

இரண்டாவது பருந்து. வானத்தில் வட்டமிட்டுக்கொண்டே கீழே தேடும்; கோழிக்குஞ்சு தென்பட்டதும் இறக்கையை ஒடுக்கிப் பாயும். ராணுவ வழக்கில் இதை வட்டமிடும் குண்டு என்று சொல்லலாம். இஸ்ரேலின் ஹாரோப், ரஷ்யாவின் லான்செட், அமெரிக்காவின் ஸ்விட்ச்பிளேட் ஆகியவை இவ்வகை. தேடும் நேரம் கிடைப்பதுதான் இதன் பலம். இலக்கு தென்படாவிட்டால் தாக்காமல் விட்டுவிடவும் சிலவற்றால் முடியும்.

மூன்றாவது, கயிற்றில் கட்டிச் சுழற்றும் கல். கடைசி நொடிவரை அதன் போக்கு எறிபவர் கையில் இருக்கிறது. எஃப்பிவி (First Person View, அதாவது ஓட்டுபவர் கண்ணின் பார்வை) ட்ரோன் எனப்படுவது இதுதான். ட்ரோனின் மூக்கிலுள்ள கேமரா பார்ப்பதை இயக்குபவர் தன் கண்ணில் மாட்டிய கண்ணாடியின் திரையில் பார்த்தபடியே ஓட்டுகிறார்.

இதுவரை சொன்னதன் சாரம்: ஒருவழி ட்ரோன் என்பது வேகத்தைக் கொடுத்து மலிவை வாங்கிய பறக்கும் குண்டு. அதில் அம்புபோல் போவது, பருந்துபோல் தேடுவது, கையால் ஓட்டப்படுவது என வகைகள் உண்டு. ஒன்றைப் பற்றிய செய்தியை மற்றொன்றுக்குப் பொருத்தினால் தவறு நேரும்.

## எண்ணம் புதிதன்று

1918-இல் அமெரிக்காவில் சார்ல்ஸ் கெட்டரிங் என்ற பொறியாளர் ‘பக்’ என்று அழைக்கப்பட்ட ஒரு சிறு ஆளில்லா விமானத்தைச் செய்தார். அது எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதை எஞ்சின் சுழற்சிகளின் எண்ணிக்கையே சொன்னது. குறித்த எண்ணிக்கை வந்ததும் எஞ்சின் நின்று, இறக்கைகள் கழன்று, உடல் மட்டும் குண்டாக விழும். அது களத்துக்கு வருவதற்குள் முதல் உலகப் போர் முடிந்துவிட்டது. 1944 ஜூனில் ஜெர்மனி லண்டன் மீது ஏவத் தொடங்கிய வி-1 பறக்கும் குண்டு அதே எண்ணத்தின் வளர்ச்சி. மூக்கிலிருந்த ஒரு சிறு காற்றாடி தூரத்தை எண்ணியது. எண்ணிக்கை முடிந்ததும் குண்டு தலைகீழாகப் பாய்ந்தது. பிரிட்டனில் சுமார் 6,000 பேர் அதற்குப் பலியானார்கள். ஆயினும் அதனால் ஒரு பெருநகரத்தைக் குறிவைக்க முடிந்ததே தவிர, ஒரு குறிப்பிட்ட கட்டடத்தைக் குறிவைக்க முடியவில்லை. அந்தக் குறையைப் போக்கியது பின்னாளில் வந்த மலிவான மின்னணுவியல்.

இடையில் இஸ்ரேல் உருவாக்கிய ஹார்ப்பி வேறொரு பாதையைத் திறந்தது. எதிரியின் ரேடார் வெளியிடும் அலையையே மோப்பம் பிடித்து அதன்மேல் விழும் ட்ரோன் அது. அதன் வழிவந்த ஹாரோப்பை அஜர்பைஜான் 2016-லும், 2020-இல் ஆர்மீனியத் தரப்புடன் 44 நாள் நடந்த நாகோர்னோ-கராபாக் போரிலும் பயன்படுத்தியது. வான்பாதுகாப்புக் கருவிகளே வேட்டையாடப்படும் பொருளாக மாறியதை அந்தப் போரில் உலகம் கண்ணால் பார்த்தது.

## ஒன்றை அருகில் வைத்துப் பார்த்தால்

ஷாஹெத்-136-ஐ எடுத்துக்கொள்வோம். உக்ரைன் மீது ஏவுவதற்காக ரஷ்யா இதை கெரான்-2 என்ற பெயரில் தத்தார்ஸ்தானிலுள்ள அலபுகா தொழிற்பகுதியில் தானே தயாரிக்கிறது. நீளம் சுமார் 3.5 மீட்டர், இறக்கை முனையிலிருந்து முனைவரை 2.5 மீட்டர், எடை ஏறத்தாழ 200 கிலோ. நீளத்தில் ஒரு சிறிய காரின் அளவுதான். வாலென்று தனியாக எதுவும் இல்லை; உடலோடு ஒட்டிய முக்கோண இறக்கை, அதன் இரு முனைகளிலும் செங்குத்தாக நிற்கும் துடுப்புகள். மூக்கில் வெடிமுனை, 30 முதல் 50 கிலோ. பிற்பாடு இன்னும் கனமானவையும் வந்துவிட்டன. நடுவில் எரிபொருளும் மின்னணுப் பலகைகளும். பின்புறத்தில் பெட்ரோலில் ஓடும் ஒரு சிறு எஞ்சின் விசிறியைச் சுழற்றி, முழு உடலையும் முன்னுக்குத் தள்ளுகிறது. அந்த எஞ்சின், ஜெர்மனியில் வடிவமைக்கப்பட்ட ஒரு சிறு விமான எஞ்சினின் நகல்.

ஓடுபாதை இதற்குத் தேவையில்லை. லாரியின் மேல் வைத்த சட்டத்திலிருந்து ஒரு சிறு ராக்கெட் இதை உந்திவிட்டுக் கழன்று விழும். பிறகு எஞ்சின் பார்த்துக்கொள்ளும். வேகம் மணிக்கு சுமார் 185 கிலோமீட்டர். அதாவது 550 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஊரை அடைய மூன்று மணி நேரம். அந்த எஞ்சினின் கரகரப்பைக் கேட்டுத்தான் உக்ரைன் மக்கள் இதற்கு ‘மொபெட்’ என்று பெயரிட்டார்கள். இரவில் அந்த ஓசை தொலைவில் தொடங்கி, மெல்ல மெல்ல நெருங்கி வருவதைப் படுக்கையில் கிடந்தபடி கேட்பவருக்கு, அது தன் வீட்டைத் தாண்டிப் போகுமா என்பது ஓசை நிற்கும்வரை தெரியாது. எதையும் இடிக்காத இரவுகளில்கூட இந்த ஆயுதம் ஒரு நகரத்தைத் தூங்கவிடாமல் வைத்திருக்கிறது. போர்க்கணக்குகளில் இந்த வகைச் சேதம் எழுதப்படுவதில்லை.

## கண் இல்லாமல் வழி எப்படித் தெரிகிறது

பெரும்பாலோர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. அடிப்படை ஷாஹெத்தில் கேமரா இல்லை. அது எதையும் ‘பார்ப்பதில்லை’. இலக்கின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் ஏவுவதற்கு முன்பே அதில் பதிக்கப்படுகின்றன. அந்த எண்களை நோக்கிப் போக இரண்டு உதவிகள் அதற்கு உண்டு.

ஒன்று, செயற்கைக்கோள் வழிகாட்டல். நம் கைபேசியின் ஜிபிஎஸ் செய்யும் அதே வேலை. பல செயற்கைக்கோள்களின் சிக்னல் வந்துசேர எடுத்த நேரத்தைக் கொண்டு தன் இடத்தைக் கணக்கிடுகிறது.

மற்றொன்று, நிலைம வழிகாட்டல். விளக்கணைந்த இரவில் சொந்த வீட்டுக்குள் நடப்பதை நினைத்துப் பாருங்கள். கட்டிலிலிருந்து ஏழு அடி, பிறகு வலப்பக்கம் திரும்பி நான்கு அடி என்று கண்ணை நம்பாமல் காலை நம்பிக் கதவை அடைகிறோம். ட்ரோனுக்குள் இருக்கும் உணர்விகளும் அப்படித்தான். எவ்வளவு வேகம் கூடியது, எந்தப் பக்கம் திரும்பியது என்பதை நொடிதோறும் அளந்து, இப்போது எங்கே இருக்கிறோம் என்று கூட்டிப் பார்க்கின்றன. சிக்கல் என்னவென்றால், ஒவ்வோர் அடியிலும் விரற்கடை பிசகினாலும் நூறு அடி நடந்தபின் சுவரில் முட்டிக்கொள்வோம். மலிவான உணர்விகளில் இந்தப் பிசகு மணிக்கணக்கில் சேர்ந்து பெரிதாகிவிடும். அதைத் திருத்தவே செயற்கைக்கோள் தேவைப்படுகிறது.

அந்தத் திருத்தத்தைக் கெடுப்பதுதான் ஜாமிங். சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் சிக்னல், கூட்டத்தின் மறுமுனையில் ஒருவர் கிசுகிசுப்பதைப் போல மெலிந்தது. பக்கத்தில் நின்று கூச்சலிட்டால் காதில் விழாது. ஜாமிங் அந்தக் கூச்சல். இன்னும் தந்திரமான வழி, அதே குரலில் பொய் சொல்வது. அதாவது போலிச் சிக்னலை அனுப்பி, ட்ரோன் தன் இடத்தைத் தவறாக எண்ணிக்கொள்ளச் செய்வது. உக்ரைனை நோக்கிச் சென்ற ட்ரோன்கள் பல, வெறும் வயலில் விழுந்ததற்கு இவை ஒரு காரணம். இதற்கு எதிராக ரஷ்யா பல உறுப்புகள் கொண்ட ஆன்டெனாக்களைப் பொருத்தியது. காதுக்குப் பின்னால் கையைக் குவித்து, வேண்டிய திசையை மட்டும் கேட்டு மற்ற இரைச்சலை ஒதுக்குவதற்கு ஒப்பான உத்தி அது.

சுருக்கமாகச் சொன்னால், இந்த அடிப்படை வகை நெடுந்தொலைவு ட்ரோன் ஓர் இடத்தைத் தேடிப் போகிறது, ஒரு பொருளையோ ஆளையோ அன்று. அந்த இடத்தில் இப்போது யார் இருக்கிறார்கள் என்பது அதற்குத் தெரியாது.

## களமுனையின் சிறு ட்ரோன்

எஃப்பிவி ட்ரோன் பந்தய விளையாட்டிலிருந்து வந்தது. கார்பன் சட்டம், நான்கு மோட்டார், பேட்டரி, கேமரா, வானொலிக் கருவி ஆகியவை மட்டுமே. அதன் அடியில் டாங்கியைத் துளைக்கும் ராக்கெட் குண்டின் தலையைக் கட்டிவிட்டால் ஆயுதம் தயார் என்ற நிலை 2022-க்குப் பின் உக்ரைனில் உருவாகி, சில நூறு டாலர் பொருள் பல லட்சம் டாலர் டாங்கியைச் சாய்க்கும் காட்சிகளாக உலகெங்கும் பரவியது.

அந்தக் காட்சிகளில் நமக்குத் தெரியாமல் போவது, மோதாமல் போனவை. வானொலி அலை நேர்கோட்டில் போகும். ட்ரோன் தரையை நெருங்கும்போது இடையிலுள்ள மரமும் மேடும் அலையை மறைத்துவிடும். சரியாகக் கடைசி நொடிகளில், கட்டுப்பாடு எப்போது மிகவும் தேவையோ அப்போது, திரையில் புள்ளி புள்ளியாக இரைச்சல் படர்ந்து படம் மறைகிறது. அருகில் எதிரியின் ஜாமர் இருந்தால் இன்னும் முன்பே மறைந்துவிடும்.

இதற்கு இரண்டு தீர்வுகள் வந்தன. முதலாவது, வானொலியையே கைவிடுவது. சிலந்தி இழை விட்டுக்கொண்டே இறங்குவதுபோல, ட்ரோன் தன்னிடமுள்ள உருளையிலிருந்து மயிரிழை போன்ற கண்ணாடியிழையை விட்டுக்கொண்டே பறக்கிறது. படமும் கட்டளையும் அந்த இழை வழியாகவே போய்வருகின்றன. ஜாமிங் செய்ய அங்கே அலையே இல்லை. இந்த இழைகள் 10, 20 கிலோமீட்டர் நீளத்துக்கு அறுந்து கிடக்க, போர் நடந்த வயல்கள் வெயிலில் சிலந்திவலை போர்த்தியவைபோல மின்னுகின்றன. இரண்டாவது தீர்வு, கடைசிக் கட்டத்தை மட்டும் எந்திரத்திடம் விடுவது. கைபேசிக் கேமராவில் முகத்தைச் சுற்றி ஒரு கட்டம் தோன்றி, முகம் நகர்ந்தால் அதுவும் கூடவே நகர்வதைப் பார்த்திருப்போம். அதுபோல, இயக்குபவர் இலக்கைச் சுட்டிவிட்டால், தொடர்பு அறுந்தாலும் அந்த உருவத்தைப் பின்தொடர்ந்து ட்ரோன் மோதுகிறது. ‘செயற்கை நுண்ணறிவு ட்ரோன்’ என்று செய்திகளில் வருபவற்றில் பல இந்த அளவுதான். எதைத் தாக்குவது என்பதை இன்னும் மனிதரே தேர்ந்தெடுக்கிறார்.

## மலிவு என்ற கணக்கு

ஒரு பேட்ரியாட் தடுப்பு ஏவுகணையின் விலை சுமார் 40 லட்சம் டாலர். ஷாஹெத் வகை ட்ரோனுக்குச் சொல்லப்படும் மதிப்பீடுகள் பல்லாயிரம் டாலர் அளவில் தொடங்குகின்றன. கொசுவை அடிக்கப் பீரங்கியா என்ற கேலி இங்கிருந்து பிறக்கிறது. ஆனால் அந்தக் கணக்கு பாதிதான். தடுப்பவர் ஒப்பிட வேண்டியது ட்ரோனின் விலையோடு அன்று, அது விழப்போகும் இடத்தின் மதிப்போடு. ஒரு பெரிய மின்மாற்றியைப் புதிதாகச் செய்து கொண்டுவர மாதக்கணக்கில் ஆகும்; குளிர்காலத்தில் ஒரு நகரமே இருளில் கிடக்கும். 2019 செப்டம்பர் 14 அன்று சவூதி அரேபியாவின் அப்கைக், குரைஸ் எண்ணெய் நிலையங்கள் மீது ட்ரோன்களும் க்ரூஸ் ஏவுகணைகளும் விழுந்தபோது, அந்நாட்டின் எண்ணெய் உற்பத்தியில் ஏறத்தாழப் பாதி, நாளொன்றுக்குச் சுமார் 57 லட்சம் பீப்பாய், சில காலம் நின்றுபோனது.

உண்மையான தலைவலி விலையைவிட எண்ணிக்கையில் இருக்கிறது. தடுப்பு ஏவுகணைகளை நாள்தோறும் நூற்றுக்கணக்கில் செய்ய எந்தத் தொழிற்சாலையாலும் முடியாது. 2025 செப்டம்பர் 7 அதிகாலையோடு முடிந்த ஓரிரவில் மட்டும் ரஷ்யா 810 ட்ரோன்களை ஏவியதாக உக்ரைன் விமானப்படை அறிவித்தது. அவற்றில் வெடிமருந்தே இல்லாத, ரேடாரை ஏமாற்றுவதற்காக மட்டும் பறக்கும் போலிகளும் கலந்திருக்கும். எது போலி என்று பார்த்துத் தெரிந்துகொள்வதற்குள் உண்மையானது கடந்துவிடும். ஆகவே எல்லாவற்றையும் சுட வேண்டும்.

அதே சமயம், இவற்றை மந்திர ஆயுதமாக நினைப்பதும் தவறு. 2024 ஏப்ரலில் ஈரான் இஸ்ரேலை நோக்கி ஏவிய சுமார் 170 ட்ரோன்கள் வந்துசேரப் பல மணி நேரம் எடுத்துக்கொண்டன. அதற்குள் இஸ்ரேலும் அமெரிக்கா, பிரிட்டன் உள்ளிட்ட நாடுகளும் விமானங்களை வானில் நிறுத்திக் காத்திருந்தன. ட்ரோன்கள் வழியிலேயே வீழ்த்தப்பட்டன. 50 கிலோ வெடிமுனையால் ஆழமான பதுங்குகுழியை உடைக்கவும் முடியாது. எதிரியிடம் முன்னேற்பாடும் கண்காணிப்பும் குறைவாக உள்ள இடத்திலும், அல்லது அவர் களைத்துப்போகும் அளவுக்கு அலையலையாக அனுப்பும்போதும்தான் இவை பலிக்கின்றன.

## தடுப்பவர்கள் கற்றுக்கொண்டது

மெதுவாக வரும் பொருளுக்கு மெதுவான, மலிவான பதிலே போதும் என்பதை உக்ரைன் நடைமுறையில் காட்டியது. முதல் வேலை கண்டுபிடிப்பது. தாழப் பறப்பதை ரேடார் தவறவிடும். ஆனால் அந்த எஞ்சின் ஓசையை மறைக்க முடியாது. ஆயிரக்கணக்கான மைக்ரோஃபோன்களைக் கம்பங்களில் பொருத்தி, எந்த ஓசை எங்கிருந்து எங்கே நகர்கிறது என்பதைக் கணினியில் இணைத்தார்கள். அந்தத் தகவலைக் கொண்டு, பிக்கப் வண்டியில் இயந்திரத் துப்பாக்கி ஏற்றிய சிறு குழுக்கள் ட்ரோன் வரும் வழியில் போய் நிற்கின்றன. ஜெர்மனி கொடுத்த கெப்பார்ட் விமான எதிர்ப்புத் துப்பாக்கிகள் இதில் நன்கு உதவின. ட்ரோனை மோதி வீழ்த்த இன்னொரு ட்ரோன் என்ற இடைமறிப்பு ட்ரோன்கள் 2025-இல் பெருகின. விலைக்கு விலை சரிக்கட்ட முடிவது அங்கேதான்.

## யார் பார்க்கிறார், யார் முடிவெடுக்கிறார்

போர்ச் சட்டம் ஆயுதத்தின் புதுமையைப் பார்ப்பதில்லை. போராளியையும் பொதுமக்களையும் வேறுபடுத்த வேண்டும் என்று ஜெனீவா உடன்படிக்கைகளின் 1977-ஆம் ஆண்டு முதல் கூடுதல் நெறிமுறை சொல்வது அம்புக்கும் பொருந்தும், ட்ரோனுக்கும் பொருந்தும். மனிதர் தலையீடே இல்லாமல் இலக்கைத் தேர்ந்தெடுக்கும் ஆயுதங்களுக்குத் தனி விதி வேண்டும், அதற்கான பேச்சு 2026-க்குள் முடிய வேண்டும் என்று ஐநா பொதுச்செயலாளரும் செஞ்சிலுவைச் சங்கச் சர்வதேசக் குழுவின் தலைவரும் 2023 அக்டோபரில் கூட்டாகக் கேட்டுக்கொண்டார்கள். அந்தக் கவலை சரியானதே.

ஆனால் எந்திரத்தின் கையில் முடிவு போய்விடும் என்று அஞ்சும் வேளையில், மனிதர் கையில் முடிவு இருக்கும்போதே நடப்பதை மறந்துவிடக் கூடாது. கேமரா இருந்தால் தவறு நேராது என்ற நம்பிக்கைக்கு உக்ரைனின் ஹெர்சோன் நகரம் எதிர்ச்சாட்சி. நீப்ரோ ஆற்றின் வலக்கரையிலுள்ள ஹெர்சோன் பகுதியில், தெருவில் நடந்தவர்களையும் வண்டியில் சென்றவர்களையும் ரஷ்யப் படையினர் சிறு ட்ரோன்களால் துரத்தித் தாக்கினார்கள் என்றும், அது மானுடத்துக்கு எதிரான குற்றம் என்றும் ஐநாவின் விசாரணை ஆணையம் 2025 மே மாதம் முடிவுக்கு வந்தது. மோதி வெடித்த ட்ரோன்களோடு, குண்டை மேலிருந்து போட்டுவிட்டுத் திரும்பியவையும் அதில் அடக்கம். எதுவானாலும், திரையில் தெரிந்தது ஒரு மனிதர் என்பதை ஓட்டியவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அந்நகரின் சாலைகளுக்கு மேலே இப்போது கம்பம் நட்டு வலை கட்டியிருக்கிறார்கள். விசிறி வலையில் சிக்கினால் ட்ரோன் தொங்கிவிடும், அல்லது வண்டிக்கு எட்டாத உயரத்திலேயே வெடித்துவிடும். உக்ரைனின் சாலைகளில் இப்படிக் கட்டும் வலைகளில் ஒரு பகுதி, பிரான்ஸ் முதலிய நாடுகளின் மீனவர்கள் தாங்கள் பயன்படுத்திக் கழித்தவற்றைச் சேர்த்து அனுப்பியவை. கடலுக்குள் இறக்குவதற்காகப் பின்னிய வலையின் அடியில் வண்டிகள் போய்வருகின்றன.